தட்டில் ஊற்றும் அகாரும் அறிக்கையில் எழுதும் எழுத்தும்

கிருமி எந்த மருந்துக்குப் பணியும் என்று சோதிக்க, அகார் என்ற கடற்பாசிக் கூழில் கிருமிக்கான உணவைக் கலந்து ஊற்றிய அந்தத் தட்டை நான் முதலில் கூரை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். குறை எதுவும் புலப்படவில்லை. பிறகு கறுப்புத் தாளின்மேல் வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கோ-டிரைமாக்சசோல் மருந்து தோய்ந்த வட்டைச் சுற்றி, கிருமி வளராமல் பளிச்சென்று தெளிந்திருக்க வேண்டிய வளையத்துக்குள், மூச்சுக்காற்று பட்ட கண்ணாடியைப் போல மெல்லிய மங்கல் படர்ந்திருந்தது. வளையத்தின் விளிம்பு இதுதான் என்று அளவுகோலை வைத்துச் சொல்ல இயலவில்லை. தட்டில் பூசப்பட்டிருந்தது நோயாளியிடமிருந்து வந்த கிருமி அன்று. தரக் கட்டுப்பாட்டுக்கென்றே உலகெங்கும் ஆய்வகங்கள் வைத்திருக்கும் எண்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் ஏடிசிசி 29212 (ஏடிசிசி என்பது அமெரிக்கக் கிருமிச் சேமிப்பகம், எண் அதன் பட்டியல் எண்). நல்ல ஊடகத்தில், அதாவது கிருமி வளரும் உணவுக் கலவையில், இக்கிருமி 20 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட தெளிவான வளையத்தைக் காட்டியே ஆக வேண்டும். அப்படிக் காட்டவில்லை என்றால் குற்றம் கிருமியிடமும் இல்லை, மருந்திடமும் இல்லை; அவை இரண்டையும் தாங்கி நிற்கும் அகாரில் இருக்கிறது.

அப்போது நான் பணியாற்றிய ஆய்வகத்தில், புதிய தொகுதி அகார்ப் பொடியைப் பிரித்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. பழைய தொகுதி தீர்ந்த அவசரத்தில், புதியதைச் சோதித்துப் பார்க்காமலேயே தட்டுகள் ஊற்றிவிட்டோம். அந்த நான்கு நாட்களில் சிறுநீர் மாதிரிகளில் வளர்ந்த ஈ. கோலை கிருமிகள் பலவற்றுக்கு, கோ-டிரைமாக்சசோல் என்ற வரிக்கு எதிரே ‘எதிர்ப்புள்ளது’ என்று எழுதி அனுப்பியிருந்தோம். சேமித்து வைத்திருந்த கிருமிகளை மீண்டும் எடுத்து, வேறொரு தொகுதி அகாரில் பூசிப் பார்த்தபோது, அவற்றில் பெரும்பாலானவை சுத்தமான அகன்ற வளையத்தைக் காட்டின. வாய்வழி மாத்திரையில் குணமாகியிருக்கக்கூடிய நோயாளிகள், நாங்கள் எழுதிய ஒரே சொல்லால் வேறு மருந்துக்கு மாற்றப்பட்டிருப்பார்கள். ஒவ்வொரு வார்டாக அழைத்து அறிக்கையைத் திருத்தினோம். அந்த நாளுக்குப் பிறகு, கிருமி எந்த மருந்துக்குப் பணியும் என்று சொல்லும் உணர்திறன் அறிக்கை ஒன்றைப் படிக்கும்போதெல்லாம், கிருமி, மருந்து ஆகிய இரண்டு பெயர்களோடு அதில் அச்சிடப்படாத மூன்றாவது பெயரை, அதாவது ஊடகத்தின் பெயரை, மனத்துக்குள் சேர்த்தே படிக்கிறேன்.

நடந்தது என்ன என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கோ-டிரைமாக்சசோல் என்பது சல்ஃபமெத்தாக்சசோல், டிரைமெத்தோபிரிம் ஆகிய இரண்டு மருந்துகளின் கூட்டு. பாக்டீரியா தனக்கு வேண்டிய ஃபோலேட்டைத் தானே தயாரிக்கும் பாதையில் இந்த இரண்டும் வெவ்வேறு இடங்களில் குறுக்கே நிற்கின்றன. ஃபோலேட் இல்லையென்றால் டிஎன்ஏவுக்கு வேண்டிய தையமிடின் உருவாகாது. தையமிடின் இல்லையென்றால் செல் பிரிய முடியாது. ஆனால் ஊடகத்திலேயே தையமிடினோ தைமினோ தயாராகக் கிடந்தால், கிருமி ஏன் சிரமப்பட்டுத் தயாரிக்கப் போகிறது? கிடைப்பதை எடுத்துக்கொண்டு வளர்ந்துவிடுகிறது. மருந்து தன் வேலையைக் குறைவறச் செய்தும், தட்டின்மீது அது தோற்றுப்போனதாகத் தெரிகிறது. இறைச்சிச் சாறும் புரதச் சிதைவுப் பொருளும் கலந்த ஊடகத்தில் தையமிடின் கொஞ்சமேனும் நுழையாமல் இருப்பது அரிது. எனவே அதன் அளவு மிகக் குறைவாக உள்ள தொகுதிகளையே உணர்திறன் சோதனைக்கு ஏற்க வேண்டும். முன்பெல்லாம் சிதைத்த குதிரை இரத்தத்தைக் கலந்து இச்சிக்கலைச் சமாளித்தார்கள். அதிலுள்ள தையமிடின் பாஸ்ஃபோரிலேஸ் என்ற நொதி, தையமிடினை அதைவிடத் தொல்லை குறைந்த தைமினாக மாற்றிவிடும்.

இதில் என்னை இன்றும் யோசிக்கவைக்கும் ஒரு செய்தி உண்டு. அகாரில் தையமிடின் இருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும் அதே எண்டரோகாக்கஸ், உடலுக்குள் இருக்கும்போது சுற்றுப்புறத்திலிருந்து ஃபோலேட்டை எடுத்துக்கொள்ள வல்லது. ஆகவே தூய்மையான அகாரில் எவ்வளவு பெரிய வளையம் வந்தாலும், எண்டரோகாக்கஸ் தொற்றுக்குக் கோ-டிரைமாக்சசோல் பயன்படும் என்று அறிக்கை தரக் கூடாது என்பது வழிகாட்டு நெறி. தட்டு சொல்வது உண்மைதான். ஆனால் அந்த உண்மை அந்தத் தட்டுக்குரியது. ஊடகத்தைப் பற்றி நான் சொல்ல வருவதெல்லாம் ஏறக்குறைய இதற்குள் அடங்கிவிடுகிறது.

இன்று உலகெங்கும் உணர்திறன் சோதனைக்குப் பயன்படும் மியூல்லர்-ஹின்டன் அகார், அந்தச் சோதனைக்காகப் பிறந்தது அன்று. ஹார்வர்டில் பணியாற்றிய ஜான் ஹோவர்ட் மியூல்லரும் ஜேன் ஹின்டனும் 1941-இல் அதை வெளியிட்டபோது, அவர்கள் தேடியது கொனோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ் ஆகிய வளர்ப்பதற்குக் கடினமான கிருமிகளை வளர்க்க உதவும் எளிய ஊடகத்தை. அதற்கு முன்பு வழக்கில் இருந்த பட்டாணி ஊடகத்தில் பட்டாணிக்குப் பதிலாக மாவுச்சத்தைச் சேர்த்தார்கள். கிருமிகளுக்கு நஞ்சாகும் கொழுப்பு அமிலங்களை அது உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. ஜேன் ஹின்டன் பின்னாளில் கால்நடை மருத்துவம் பயின்று 1949-இல் பட்டம் பெற்றார்; அமெரிக்காவில் அப்பட்டத்தைப் பெற்ற முதல் இரு கறுப்பினப் பெண்களில் அவர் ஒருவர். நாள்தோறும் எங்கள் வாயில் புழங்கும் அந்தப் பெயருக்குப் பின்னால் இப்படி ஒரு பெண்மணி இருக்கிறார் என்பதை, ஆய்வகத்துக்கு வரும் மாணவர்களிடம் நான் சொல்லத் தவறுவதில்லை.

1966-இல் பாவர், கிர்பி, ஷெரிஸ், டர்க் ஆகியோர் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரே வட்டை வைத்து வளையத்தை அளக்கும் ஒற்றை வட்டு முறையைத் தரப்படுத்தி வெளியிட்டபோது, இந்த ஊடகமே அம்முறையின் தளமாக அமைந்தது. பெரும்பாலான நோய்க்கிருமிகள் இதில் நன்றாக வளர்கின்றன. சல்ஃபா மருந்துகள், டிரைமெத்தோபிரிம், டெட்ராசைக்ளின் ஆகியவற்றைத் தடுக்கும் பொருட்கள் இதில் குறைவு. ஒரு தொகுதிக்கும் மறு தொகுதிக்கும் இடையிலான வேறுபாடும் ஓரளவு கட்டுக்குள் இருக்கிறது. ஒரு லிட்டருக்கு அமிலத்தால் சிதைத்த கேசீன் என்ற பால் புரதம் 17.5 கிராம், மாட்டிறைச்சிச் சாறு, 1.5 கிராம் மாவுச்சத்து, கெட்டிப்படுத்த அகார் என்ற அளவில் அதன் கலவை எளிமையானது. ஆனால் அந்த எளிமைக்குள்ளேயே ஒரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. கேசீனும் இறைச்சிச் சாறும் அகாரும் இயற்கைப் பொருட்கள். மாட்டின் தீவனமும் கடற்பாசி வளர்ந்த நீரும் மாறினால் அவற்றோடு வரும் உலோக அயனிகளும் மாறும். டப்பாவின் மேல் அச்சிட்ட கலவை அப்படியே இருக்க, உள்ளே இருக்கும் பொடி மட்டும் வேறாகிவிடலாம். இதற்காகவே, மியூல்லர்-ஹின்டன் பொடித் தொகுதிகள் எந்த வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பதற்கு 2016-இல் தனியாக ஒரு சர்வதேசத் தர ஆவணம் வெளியிடப்பட்டது.

உலோக அயனிகளைப் பற்றிப் பேசினால் கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். சூடோமோனாஸ் ஏருஜினோசா போல இரட்டைச் சவ்வுள்ள கிராம்-நெகட்டிவ் கிருமிகளின் வெளிச்சவ்வில் எதிர்மின்னேற்றம் கொண்ட கொழுப்புச் சர்க்கரை மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளும் அவற்றைப் பிணைத்து நிறுத்துபவை இந்த இரண்டு அயனிகள்தாம். ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற மருந்துகள் அந்த அயனிகளை இடம்பெயர்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைகின்றன. ஊடகத்தில் கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்திருந்தால், மருந்து ஓர் அயனியைத் தள்ளிய இடத்தில் இன்னோர் அயனி வந்து அமர்ந்துகொள்கிறது; வளையம் சுருங்கி, உணர்திறன் உள்ள கிருமியும் எதிர்ப்புள்ளதாகத் தெரிகிறது. குறைந்திருந்தால் சவ்வு தளர்ந்து, மருந்து எளிதாக நுழைந்து, வளையம் விரிகிறது; எதிர்ப்புள்ள கிருமி உணர்திறன் உள்ளதாக வேடம் போடுகிறது. எங்கள் துறையில் முதல் வகைப் பிழையைப் பெரும் பிழை என்றும் இரண்டாம் வகையை மிகப் பெரும் பிழை என்றும் வகுத்திருக்கிறார்கள். பலன் தராத மருந்தைப் பலன் தரும் என்று சொல்லிக் கொடுப்பதைவிடக் கேடான அறிக்கை வேறில்லை என்பதால், அந்தப் பெயரிடல் சரியானதென்றே நானும் கருதுகிறேன்.

திரவ ஊடகத்தில் இதைச் சீர்செய்ய வழியுண்டு. ஒரு லிட்டருக்குக் கால்சியம் 20 முதல் 25 மில்லிகிராம், மெக்னீசியம் 10 முதல் 12.5 மில்லிகிராம் என்று அளந்து சரிப்படுத்திய மியூல்லர்-ஹின்டன் திரவத்தையே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. திட ஊடகத்திலோ அகாரே தன் பங்குக்கு அயனிகளைக் கொண்டுவருகிறது. மேலே இன்னும் சேர்ப்பதற்கில்லை. அங்கே சூடோமோனாஸ் ஏடிசிசி 27853 என்ற கிருமியை ஜென்டாமைசின் வட்டோடு வைத்து, வளையம் வரம்புக்குள் நிற்கிறதா என்று பார்ப்பதே வழி. ஈ. கோலை ஏடிசிசி 25922 கிருமிக்கு ஜென்டாமைசின் வளையம் 19 முதல் 26 மில்லிமீட்டருக்குள் வந்ததைப் பார்த்துவிட்டு, தொகுதி நன்று என்று முடிவுகட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அயனிக் குறைபாட்டை ஈ. கோலை அவ்வளவு கூர்மையாகக் காட்டாது, சூடோமோனாஸ் காட்டும். தரக் கட்டுப்பாட்டுக்கு ஒரு கிருமி போதாது என்பதன் காரணம் இதுவே.

டாப்டோமைசின் என்ற மருந்தின் கதை இன்னும் தெளிவானது. கால்சியத்தோடு சேர்ந்தால்தான் அது கிருமியின் சவ்வில் பதியும். ஆகவே அதைச் சோதிக்கும் திரவத்தில் மட்டும் கால்சியத்தை லிட்டருக்கு 50 மில்லிகிராமாக உயர்த்துகிறோம். நம் இரத்தத்தில் பிணைப்பின்றி உலவும் கால்சியத்தின் அளவும் ஏறத்தாழ அதுதான். வழக்கமான திரவத்திலேயே சோதித்தால், வேலை செய்யும் மருந்து வேலை செய்யாததாகத் தோன்றும். வட்டு முறையில் இதை நம்பகமாகச் சோதிக்கவே இயலாது.

கொலிஸ்டின் வேறு வகையில் தொல்லை தருகிறது. மூலக்கூறு பெரிதாக இருப்பதால் அது அகாருக்குள் தவழ்ந்தே நகர்கிறது. உணர்திறன் உள்ள கிருமிக்கும் எதிர்ப்புள்ள கிருமிக்கும் வளைய அளவில் கிடைக்கும் வேறுபாடு ஓரிரு மில்லிமீட்டர்தான். போதாக்குறைக்கு, அது நெகிழிப் பரப்புகளிலும் ஒட்டிக்கொள்கிறது. ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவக்கூடிய எம்சிஆர்-1 என்ற கொலிஸ்டின் எதிர்ப்பு மரபணு 2015-இல் அறியவந்ததற்கு அடுத்த ஆண்டு, அமெரிக்காவின் சிஎல்எஸ்ஐ, ஐரோப்பாவின் யூகாஸ்ட் ஆகிய தர அமைப்புகள் கூடிப் பேசி, அயனி சரிப்படுத்திய மியூல்லர்-ஹின்டன் திரவத்தில், வேறு எந்தச் சேர்க்கையும் இன்றி, சாதாரண பாலிஸ்டைரீன் குழித்தட்டில் மருந்தைப் படிப்படியாக நீர்த்து, எந்த அளவில் கிருமி வளராமல் நிற்கிறது என்று பார்க்கும் நுண்நீர்த்தல் முறையே கொலிஸ்டினுக்கு ஏற்றது என்று அறிவித்தன. கடைசிப் புகலிடமாகக் கருதப்படும் ஒரு மருந்துக்கு, பல ஆண்டுகளாக வட்டை வைத்து அளந்த எண்கள் நம்பத்தகாதவை என்று பின்னர் தெரியவருவது சாதாரணச் செய்தி அன்று.

துத்தநாகத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும் தகும். இமிபெனெம், மெரோபெனெம் போன்ற கார்பாபெனெம் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளில் ஒரு குடும்பம், தன் செயல் மையத்தில் துத்தநாக அயனியை வைத்துக்கொண்டே இயங்குகிறது. உலோக-பீட்டா-லாக்டமேஸ்கள் என்று அவற்றுக்குப் பெயர், என்டிஎம், விஐஎம் போன்றவை அக்குடும்பத்தைச் சேர்ந்தவை. ஊடகத்தில் துத்தநாகம் போதுமான அளவு இருந்தால் நொதி முழு வீச்சில் வேலை செய்து, கிருமி எதிர்ப்புள்ளது என்று தட்டு சொல்லும். துத்தநாகம் வற்றிய ஊடகத்தில் அதே கிருமி சாதுவாகத் தெரியக்கூடும். மறுபக்கம், துத்தநாகம் மிதமிஞ்சினால், அந்த நொதியே இல்லாத சூடோமோனாஸ்கூட இமிபெனெமுக்கு எதிர்ப்புக் காட்டலாம். ஏனென்றால் துத்தநாகத்தை உணர்ந்த அக்கிருமி, இமிபெனெம் உள்ளே நுழையும் ஓபிஆர்-டி என்ற துளைப் புரதத்தின் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. ஒரே உலோகம், ஒரே மருந்து, இரண்டு தனித்தனிக் காரணங்கள். வணிகத்தில் கிடைக்கும் பொடிகளில் துத்தநாகத்தின் அளவு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இதற்கு மேலும் ஒரு முடிச்சு உண்டு. உடல் திசுக்களில் கட்டற்றுக் கிடைக்கும் துத்தநாகம், வழக்கமான ஊடகத்தில் உள்ளதைவிட மிகக் குறைவு. தொற்று ஏற்படும்போது உடலே துத்தநாகத்தை மறைத்துவைக்கிறது. துத்தநாகத்தை நீக்கிய திரவத்தில் கிடைக்கும் முடிவுகள், உலோக-பீட்டா-லாக்டமேஸ் சுரக்கும் குடல்வகைக் கிருமிகளால் தொற்றுற்ற எலிகளில் கண்ட பலனோடு மேலும் நன்றாகப் பொருந்துவதைச் சில ஆய்வுகள் காட்டின. அப்படியானால் துத்தநாகம் இல்லாத ஊடகத்துக்கு மாறிவிடலாமா? என் கருத்தில், கூடாது. நொதி இருப்பதைக் கண்டறிவது ஒரு கேள்வி, மருந்து பலிக்குமா என்பது இன்னொரு கேள்வி. முதலாவதற்கு நொதிக்கு வேண்டியதைக் கொடுத்துச் சோதிப்பதே முறை. இல்லையென்றால் மருத்துவமனைக்குள் பரவும் ஆபத்தான மரபணு ஒன்று கண்ணுக்குத் தப்பிவிடும்.

இரும்பைப் பொறுத்தவரை, தர அமைப்புகளே உடலின் பக்கம் சாய்ந்துவிட்டன. 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செஃபிடெரோகால், கிருமி இரும்பை உறிஞ்சும் வாயில்கள் வழியாகவே உள்ளே நுழையும்படி வடிவமைக்கப்பட்டது. ஊடகத்தில் இரும்பு தாராளமாக இருந்தால் கிருமி அந்த வாயில்களைத் திறக்கவே முயலாது. மருந்து வெளியிலேயே நின்றுவிடும். அதனால் அதைச் சோதிக்கும் திரவத்தில் இரும்பைப் பிசினால் வடித்தெடுத்து, லிட்டருக்கு 0.03 மில்லிகிராமுக்கு மேற்படாமல் குறைத்து, கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம் ஆகியவற்றை மட்டும் திரும்பச் சேர்க்கிறார்கள். தொற்றுற்ற உடலும் இரும்பைப் பூட்டிவைப்பதுதான் இந்த ஏற்பாட்டுக்கு நியாயம். ஒரே ஒரு மருந்துக்கென்று தனி ஊடகம் தயாரிப்பது ஆய்வகத்துக்குச் சுமையாக இருந்தாலும், அந்தச் சுமையைத் தவிர்த்தால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளே இல்லை. இதேபோல டைஜெசைக்ளினுக்கு மாங்கனீசும், திரவத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறுக்கே வருகின்றன. அதனால் அம்மருந்துக்கு 12 மணி நேரத்துக்குள் தயாரித்த புதிய திரவமே வேண்டும்.

வேதியியலைப் பேசியே பொழுதைக் கழித்துவிட்டு, மில்லிமீட்டர் அளவில் நடக்கும் பிழையை மறந்துவிடக் கூடாது. அகாரின் ஆழம் 4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடவோ குறையவோ இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். 90 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டுக்கு ஏறக்குறைய 25 மில்லிலிட்டர் ஊற்றினால் இந்த ஆழம் கிடைக்கும். மருந்து பக்கவாட்டில் மட்டுமல்லாமல் கீழ்நோக்கியும் பரவுகிறது. ஆகவே மெல்லிய அகாரில் அது கீழே போக இடமின்றிப் பக்கவாட்டில் தூரம் செல்கிறது, வளையம் பெருக்கிறது. தடித்த அகாரில் வளையம் சுருங்குகிறது. ஒருமுறை ஒரே தட்டில் ஒரே மருந்தின் இரண்டு வட்டுகளை எதிரெதிர் விளிம்புகளில் வைத்துப் பார்த்தேன். இரண்டு வளையங்களும் சமமாக இல்லை. தட்டைக் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பக்கவாட்டில் பார்த்தபோது, அகாரின் மேற்பரப்பு ஒருபுறம் இறங்கியிருந்தது. தட்டுகளை ஊற்றிய மேசையில் ரசமட்டத்தை வைத்ததும் காற்றுக்குமிழி ஓர் ஓரத்துக்கு ஓடியது. மேசையின் ஒரு காலுக்கடியில் அட்டைத் துண்டு ஒன்றைச் செருகியதோடு தீர்ந்துபோன அந்தக் கோணலால், அதற்கு முன் எத்தனை வளையங்கள் தவறாக அளக்கப்பட்டிருக்குமோ என்ற எண்ணம் நெடுநாள் என்னை உறுத்தியது.

அமில-கார அளவும் அப்படித்தான். அகார் கெட்டியானபின் அறை வெப்பநிலையில் அதன் பிஎச் 7.2 முதல் 7.4 வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் ஜென்டாமைசின் வகையும் எரித்ரோமைசின் வகையும் வலுவிழந்தவை போலத் தோன்றும், டெட்ராசைக்ளின் அளவுக்கு மீறி வலுவானதாகத் தோன்றும். மேலே ஏறினால் இவை தலைகீழாகும். கார்பன் டைஆக்சைடு நிரப்பிய பெட்டியில் தேவையில்லாமல் தட்டை வைத்தால், வாயு கரைந்து அகாரின் மேற்பரப்பு அமிலமாகி, அதே விளைவைத் தரும்.

எம்ஆர்எஸ்ஏ என்று சுருக்கமாக அழைக்கப்படும் மெத்திசிலின் எதிர்ப்பு ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், ஊடகத்தின் முக்கியத்துவத்தை முன்பே பாடமாகக் கற்பித்த கிருமி. எதிர்ப்பைத் தரும் மெக்-ஏ மரபணுவைச் சுமக்கும் கூட்டத்தில் எல்லாச் செல்களும் ஒரே மாதிரி எதிர்ப்பைக் காட்டுவதில்லை. பல லட்சத்தில் சிலவே முழு எதிர்ப்போடு வளரும். ஊடகத்தில் உப்பைச் சேர்த்து, வெப்பநிலையை 35 பாகைக்கு மேல் போகவிடாமல், முழு 24 மணி நேரம் காத்திருந்தால் அந்தச் சிறுபான்மை வெளிப்படும். அதனால்தான் மெத்திசிலினுக்கு ஈடாகச் சோதிக்கும் ஆக்சசிலின் திரவச் சோதனையில் 2 விழுக்காடும், எதிர்ப்புள்ளவற்றை வடிகட்டித் தேடும் அகார்த் தட்டில் 4 விழுக்காடும் உப்பு சேர்த்தார்கள். உப்பு மறந்துபோன தட்டில், அல்லது 37 பாகைக்கு ஏற்றிவைத்த பெட்டியில், எம்ஆர்எஸ்ஏ சாதாரண ஸ்டஃபிலோகாக்கஸாக வெளியே வந்துவிடும். பின்னர் ஆக்சசிலின் வட்டுக்குப் பதிலாக 30 மைக்ரோகிராம் செஃபாக்சிடின் வட்டு வந்ததும் வாழ்க்கை எளிதானது. அது மெக்-ஏ மரபணுவை நன்றாகத் தூண்டிவிடுவதால், உப்பில்லாத வழக்கமான அகாரிலேயே எதிர்ப்பு வெளித்தெரிகிறது. ஊடகத்தின் பலவீனத்தை மருந்தை மாற்றி ஈடுகட்டிய இந்த உத்தி எனக்கு மிகவும் பிடித்தது.

நியூமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் போன்ற வளர்ப்பதற்குக் கடினமான கிருமிகளுக்கு வெறும் மியூல்லர்-ஹின்டன் போதாது. அமெரிக்க முறையில் நியூமோகாக்கஸுக்கு 5 விழுக்காடு ஆட்டு இரத்தம் சேர்க்கிறார்கள். ஐரோப்பிய முறையில் 5 விழுக்காடு குதிரை இரத்தமும் லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்ஏடி என்ற வளர்ச்சிக் காரணியும் சேர்த்த ஒரே ஊடகம் இந்த இரண்டு கிருமிகளுக்கும் பயன்படுகிறது. எந்த இரத்தம் சேர்த்த தட்டில் வளையம் அளக்கப்பட்டதோ, அந்த முறையின் அட்டவணையையே பார்க்க வேண்டும். இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. உணர்திறன் எல்லை என்று அட்டவணையில் நாம் பார்க்கும் மில்லிமீட்டர் எண், குறிப்பிட்ட ஊடகத்தில், குறிப்பிட்ட அளவு கிருமியைப் பூசி, குறிப்பிட்ட நேரம் வைத்து அளந்து பெற்றது. பிரிட்டனில் நெடுங்காலம் ஐசோ-சென்சிடெஸ்ட் என்ற வேறோர் ஊடகத்தைப் பயன்படுத்தினார்கள். அதற்கென்று தனி அட்டவணை வைத்திருந்தார்கள். ஐரோப்பிய முறைக்கு மாறியபோது ஊடகத்தையும் அட்டவணையையும் ஒருசேர மாற்றினார்கள். ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் கிடைத்திருப்பது வெறும் குழப்பம்.

எதிர்ப்புள்ள கிருமியை வடிகட்டித் தேடும் தெரிவு ஊடகங்கள் வேறொரு கேள்வியைக் கேட்கின்றன. செஃபோடாக்சிம் மருந்து கலந்த, குடல் கிருமிகளுக்கான மெக்கான்கி அகாரில் மலமாதிரியையோ கழிவுநீரையோ பரப்பினால், பெனிசிலின் வகை மருந்துகள் பலவற்றைச் சிதைக்கும் விரிந்த வீச்சு பீட்டா-லாக்டமேஸ் (ஈஎஸ்பிஎல்) நொதியைச் சுரக்கும் ஈ. கோலை மட்டும் பெரும்பாலும் தங்கும். ஈஎஸ்பிஎல் ஈ. கோலையை மனிதர், விலங்குத் தொடர், சுற்றுச்சூழல் என மூன்று தளங்களிலும் கண்காணிக்க உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட நெறிமுறையும் இந்த எளிய ஊடகத்தையே அடிப்படையாகக் கொண்டது. நிறமூட்டும் அகார்கள் இன்னும் வசதியானவை. இன்ன நிறக் குடியிருப்பு, அதாவது கிருமித் திட்டு, என்றால் இன்ன கிருமி என்று ஒரே பார்வையில் ஊகிக்கலாம். ஆனால் அதில் கலந்த மருந்தின் அளவு எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆக்சா-48 என்ற நொதி கார்பாபெனெம்களை மெதுவாகவே சிதைக்கிறது. அதைச் சுரக்கும் கிருமிகளில் பலவற்றின் எதிர்ப்பு அளவு தாழ்ந்தே இருக்கும். கேபிசி போன்ற வலுவான நொதியை மனத்தில் வைத்து மருந்தின் அளவை உயர்த்திய அகாரில் அக்கிருமிகள் வளராமலே போகலாம்; வளர்ச்சி இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டால், அந்த நோயாளியைத் தனிமைப்படுத்தும் எண்ணமே யாருக்கும் எழாது. ஆக்சா-48 புழங்கும் இடங்களில் அதற்கேற்ற அகாரையும் கூடவே வைத்துப் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

தெரிவு ஊடகத்தில் வளர்ந்த குடியிருப்பை நேரே எடுத்து உணர்திறன் தட்டில் பூசுவதும் நான் அடிக்கடி காணும் தவறு. அந்த ஊடகத்தில் அடங்கிக் கிடந்த வேறு கிருமிகள் குடியிருப்போடு கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிவந்து, தடையில்லாத மியூல்லர்-ஹின்டனில் தலைதூக்கும். முதலில் தடைப்பொருள் இல்லாத அகாரில் ஓரிரவு தூய்மையாக வளர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் தாமதமாகிறதே என்று மருத்துவர் கேட்பார். கலப்புக் கிருமியின் வளையத்தை நம்பி மருந்து கொடுப்பதைவிட அந்த ஒரு நாள் பயனுள்ளது என்று நான் பொறுமையாகவே விளக்கியிருக்கிறேன்.

அண்மைக் காலத்தில் பைகார்பனேட் பற்றிய ஆய்வுகளைக் கவனமாகப் படித்துவருகிறேன். நம் இரத்தத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 25 மில்லிமோல் பைகார்பனேட் எப்போதும் இருக்கிறது. மியூல்லர்-ஹின்டனில் அதை யாரும் சேர்ப்பதில்லை. அதைச் சேர்த்துச் சோதித்தால், எம்ஆர்எஸ்ஏ வகைகளில் சில, பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்த பழைய பீட்டா-லாக்டம் மருந்துகளுக்கே மீண்டும் பணிகின்றன. அசித்ரோமைசினும் அப்படியே: வழக்கமான திரவத்தில் பல கிராம்-நெகட்டிவ் கிருமிகளின்மேல் அது செயலற்றதாகத் தெரிகிறது, மனித செல்களை வளர்க்கப் பயன்படும் ஊடகத்தில் அவற்றில் சிலவற்றைக் கொல்கிறது. கலிஃபோர்னியாவிலிருந்து 2017-இல் வந்த ஓர் ஆய்வு, உடலை ஒத்த ஊடகத்தில் கிடைத்த முடிவுகள் எலிகளில் கண்ட பலனை மேலும் நன்றாக முன்னறிவித்ததாகக் காட்டியது. இவற்றைப் படித்துவிட்டு, நாம் 60 ஆண்டுகளாகத் தவறான தட்டில் சோதித்து வருகிறோம் என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மியூல்லர்-ஹின்டனில் பெற்ற எண்கள் எத்தனையோ நோயாளிகளின் சிகிச்சைப் பலனோடு ஒப்பிட்டுச் சீர்செய்யப்பட்டவை. புதிய ஊடகத்துக்கு அந்த ஒப்பீடு இன்னும் நடக்கவில்லை. ஆனால் எந்த மருந்தும் இல்லை என்று கைவிடப்படும் நோயாளிக்கு, இரண்டாவது ஊடகத்தில் ஒரு சோதனை செய்து பார்க்கும் வழி ஒருநாள் முறைப்படி வகுக்கப்பட வேண்டும் என்று உளமார விரும்புகிறேன்.

இப்போது என் பொறுப்பில் உள்ள மேசையில், புதிய டப்பா வந்தால் பழைய டப்பா தீர்வதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே அதிலிருந்து சிறிதளவு எடுத்துத் தட்டு ஊற்றுகிறோம். ஈ. கோலை, சூடோமோனாஸ், ஸ்டஃபிலோகாக்கஸ், எண்டரோகாக்கஸ் ஆகிய நான்கு தரக் கிருமிகளையும் பழைய தட்டிலும் புதிய தட்டிலும் ஒரே நாளில், ஒரே கிருமிக் கரைசலிலிருந்து பூசி, வளையங்களைப் பக்கத்துப் பக்கத்தில் எழுதுகிறோம். ஐந்தாவதாக, என்டிஎம் மரபணு இருப்பது உறுதியான ஒரு கிருமியையும் சேர்த்திருக்கிறோம். பொடியில் துத்தநாகத்தை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. மெரோபெனெம் வட்டைச் சுற்றி அந்தக் கிருமி நெருங்கி வளர்கிறதா என்று பார்ப்பதன் வழியாகத்தான் அதை மறைமுகமாக அறிய முடிகிறது. எண்டரோகாக்கஸ் தட்டை மட்டும் இன்னமும் கறுப்புத் தாளின்மேல் வைத்து, விளக்கைச் சாய்த்துப் பார்த்த பிறகே தொகுதி எண்ணுக்கு எதிரே கையெழுத்திடுகிறேன்.